பரணில் கிடக்குற லேப்டாப்பை இறக்குங்க!



போன வாரம் மயிலாடுதுறையில் திருவாரூர் பாசஞ்சர் ஏறினேன். பேரளம் தாண்டி பூந்தோட்டம் வந்ததும் பாதிப் பெட்டி காலி! இறங்கினது பூரா பிளஸ் டூ பசங்க. கையில் பேனா டப்பா, ஹால் டிக்கெட். எங்கே போறாங்கன்னு கேட்கவே வேண்டாம். பக்கத்தில்தான் கூத்தனூர் சரஸ்வதி கோயில். பேனாவை அம்மன் சந்நிதியில் வெச்சு எடுத்துட்டுத்தான் பரீட்சை எழுதுவேன்னு சொல்ற ஆளுங்க உங்க கிளாஸ்லயும் இருப்பாங்களே... (நீங்களே கூட இருக்கலாம். பரவாயில்லை, நானும்தான்!)

நான் இறங்கினது நன்னிலத்தில். சித்தி வீடு. சம்பா அறுப்பு முடியுற நேரம். திண்ணையெல்லாம் நெல் தூசி. உள்ளே போனா, சித்தி பொண்ணு ஒரு பழைய லேப்டாப் முன்னாடி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பி.எஸ்ஸி. மேத்ஸ் இரண்டாம் வருஷம். பெயரைப் போட்டால் உதைப்பாள் என்பதால் 'தங்கச்சி' என்றே வைத்துக்கொள்வோம்.

"வாங்கண்ணே... இந்த டப்பாவை எடைக்குப் போட்டா எவ்வளவு தருவாங்க?"

இதுதான் வரவேற்பு.

விஷயம் என்னன்னா, அவள் இந்த செமஸ்டர் என்பிடெல்லில் லீனியர் அல்ஜீப்ரா எடுத்திருக்கிறாள். என்பிடெல் தெரியும்தானே? ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துற இலவச வீடியோ வகுப்பு. 2003-ல் வேலை தொடங்கி, இப்போ ஆயிரக்கணக்கான மணி நேரப் பாடம் அதில் இருக்கு. படிக்கக் காசு கிடையாது. சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பணம் கட்டி, நேரில் போய் பரீட்சை எழுதணும்.

12 வாரக் கோர்ஸ். வாரா வாரம் அசைன்மென்ட். அதில் நல்ல மார்க் வாங்கின 8 வாரத்தை மட்டும் எடுத்து 25 மார்க்குக்குக் கணக்குப் போடுவாங்க. மிச்சம் 75 பரீட்சைக்கு. அதாவது நாலு வாரம் கோட்டை விட்டாலும் தப்பிக்கலாம். தங்கச்சி ஆறு வாரத்தில் மூணை விட்டுட்டாள். காரணம், வீடியோ ஓடலை!

"ஃபோன்ல பார்க்க வேண்டியதுதானே?"

"வீட்ல இருக்குறது ஒரு ஃபோன். அப்பா காலையில எடுத்துட்டு வயலுக்குப் போனா ராத்திரிதான் வருது."

சித்தப்பா பின்னாலேயே வந்தார். "கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட பணம் வந்ததும் புதுசு ஒண்ணு வாங்கித் தந்துர்றேன்னு சொல்லியிருக்கேன் தம்பி." அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறாங்கன்னு சித்தி முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. உரக்கடை, அறுப்பு மெஷின் வாடகை, கூட்டுறவுக் கடன்...

சரி, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழசைக் கொஞ்சம் பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

நெட்டா, லேப்டாப்பா?

முதல் கேள்வி இதுதான். நம்மில் பலரும் இங்கேயே கோட்டை விடுறோம். வீடியோ தடுமாறினா உடனே திட்டு வாங்கறது நெட்தான். தங்கச்சியும் அப்படித்தான், டேட்டா பேக் மேல பேக் போட்டிருக்கிறாள். ஒண்ணும் மாறலை.

கவனிச்சுப் பாருங்க. நடுவில் வட்டம் சுத்துது, படமும் சத்தமும் சேர்ந்தே நின்னுடுது என்றால் தப்பு நெட் மேல. சத்தம் கணீர்னு ஓடுது, படம் மட்டும் ஸ்லைடு ஷோ மாதிரி நகருது என்றால் நெட் பாவம், அதைத் திட்டாதீங்க! வீடியோ வந்து சேர்ந்துடுச்சு. அதைப் பிரிச்சுப் போட லேப்டாப்புக்குத் தெம்பு இல்லை.

தங்கச்சி லேப்டாப்பில் புரொபசர் குரல் அருமையாக் கேட்டது. அவர் கை மட்டும் போர்டில் மேட்ரிக்ஸின் முதல் வரிசையிலேயே நின்னுது.

சந்தேகம் தீர ஒரு வழி. யூடியூப் வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணுங்க. 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்'னு ஒரு வரி வரும். அதைத் தட்டினா ஒரு கறுப்புப் பெட்டியில் புள்ளிவிவரம் கொட்டும். பயப்படாதீங்க, ரெண்டே விஷயம் பார்த்தா போதும். ஒண்ணு, டிராப்டு ஃபிரேம்ஸ். லேப்டாப்பால் காட்ட முடியாமல் கீழே போட்ட படங்களோட எண்ணிக்கை அது. அந்த எண் மளமளன்னு ஏறினா வில்லன் நெட் இல்லை. ரெண்டாவது, கோடெக்ஸ். அங்கே ஏவிசி1, விபி09, ஏவி01னு ஏதாவது ஒண்ணு இருக்கும். தங்கச்சி பெட்டியில் ஏவி01. டிராப்டு ஃபிரேம் எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கிட்டு இருந்தது.

மடிக்கிறவங்க ஒருத்தர், பிரிக்கிறவங்க ஒருத்தர்

கோடெக்னா என்ன? ஒரு சின்னக் கணக்கு. 1080பி வீடியோவில் ஒரு படத்துக்கு 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். வினாடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்க, வினாடிக்கு 124 கோடி பிட்! இதை அப்படியே அனுப்பினா எந்த நெட்டும் தாங்காது. அதனால சுருக்கி, மடிச்சு அனுப்பறாங்க. அப்படி மடிக்கிற முறைதான் கோடெக். மடிச்சு வந்ததைப் பிரிக்கிறது நம்ம லேப்டாப்போட வேலை.

எச்.264 என்ற முறை 2003-ல் வந்தது. யூடியூபின் பெட்டியில் ஏவிசி1னு இருந்தா இதுதான். விபி9 வந்தது 2013-ல். ஏவி1 வந்தது 2018-ல். புதுசு ஆக ஆக இன்னும் சின்னதா மடிக்குது. டேட்டா மிச்சம். ஆனா மடிப்பு கூடக் கூட பிரிக்கிறவனுக்கு வேலை ஜாஸ்தி!

புது லேப்டாப்பில் இதைப் பிரிக்கன்னே சிப்புக்குள் தனி சர்க்யூட் இருக்கும். 2011 வாக்கில் வந்த இன்டெல் சிப்களில் பெரும்பாலும் எச்.264-க்கு மட்டும்தான் அந்த வசதி. விபி9-க்கு முழு வசதி வந்தது 2016, 2017 வாக்கில். ஏவி1-க்கு 2020-ல்தான். அந்தச் சர்க்யூட் இல்லாத லேப்டாப்பில் எல்லாத்தையும் பிராசசரே மூச்சு வாங்கிப் பிரிக்கணும். ஃபேன் கத்தும், அடிப்பக்கம் தோசைக்கல் ஆகும், படம் நிற்கும்.

இந்த லேப்டாப்போட வயசைப் பார்ப்போம். தங்கச்சியோட அண்ணன் பிளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்தது. தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கினது ஞாபகம் இருக்கும். உங்களில் பலர் அப்போ எல்.கே.ஜி. கூடச் சேர்ந்திருக்க மாட்டீங்க! எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தாங்க. விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். பாஸ் லினக்ஸ் என்பது சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நம்ம ஊர் லினக்ஸ். அதைத் திறந்து பார்க்காமலே விண்டோஸிலேயே குடித்தனம் நடத்தினவங்கதான் அதிகம்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட மைக்ரோசாஃப்ட் கையை விரிச்சிடுச்சு. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சது. பழைய லேப்டாப்பைப் பத்திரமா நெட்டோட இணைக்கணும்னா இப்போ இருக்கிற நல்ல வழி லினக்ஸ்தான். தங்கச்சி அண்ணன் ஊருக்கு வந்தப்போ டெபியன் போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கான். 2 ஜிபி ராம், 1366-க்கு 768 ஸ்கிரீன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. சாப்பாடுதான் ஒத்துக்கலை!

என்ன செஞ்சோம்?

முதல் வேலை, தூசி. சிரிக்காதீங்க! நெல் அடிக்கிற ஊரில் லேப்டாப் ஃபேனுக்குள்ள பதரும் தூசியும் பஞ்சு மாதிரி அடைஞ்சிருக்கும். சூடு வெளியே போகாட்டி பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். பேட்டரியைக் கழட்டிட்டு, அடி மூடியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவா தட்டி எடுத்தோம். ஒரு ஸ்பூன் தேறிச்சு! (ஃபேன் இறக்கை சுத்தாமல் விரலால் பிடிச்சுக்கிட்டுத் துடைக்கணும், மறக்காதீங்க.)

ரெண்டாவது, டெஸ்க்டாப். அழகழகா அனிமேஷன் காட்டுற டெஸ்க்டாப்பை எடுத்துட்டு எக்ஸ்எஃப்சிஇ போட்டோம். எல்எக்ஸ்கியூடி போட்டாலும் சரி. 2 ஜிபி ராமில் டெஸ்க்டாப்பே பாதியைத் தின்னுட்டா வீடியோவுக்கு என்ன மிஞ்சும்? உங்க லேப்டாப் இன்னும் பலவீனம்னா ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸைப் பாருங்க. பழைய கம்ப்யூட்டர்களை மனசில் வெச்சே செஞ்சது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்க பிராசசர் 64 பிட்டா, 32 பிட்டான்னு முதல்லயே பார்த்துடுங்க. டெர்மினலில் எல்-எஸ்-சி-பி-யு என்ற ஐந்து ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் சேர்த்து அடிச்சா சொல்லிடும். குரோம் பிரவுசர் 2016-லேயே 32 பிட் லினக்ஸை விட்டுடுச்சு. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. 2011-க்கு அப்புறம் வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 64 பிட்தான் இருக்கும். ஆனா யாரோ 32 பிட் லினக்ஸைப் போட்டு வெச்சிருப்பாங்க!

மூணாவதுதான் முக்கியமானது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264-இஃபை என்ற குட்டி எக்ஸ்டென்ஷன் போட்டோம். இது யூடியூப் கிட்ட ஒரே ஒரு பொய் சொல்லும்: 'எனக்கு எச்.264 தவிர வேற எதுவும் தெரியாதுங்க.' யூடியூபும் நம்பி எச்.264-லேயே அனுப்பும். பக்கத்தைத் திரும்ப லோடு பண்ணினோம். கறுப்புப் பெட்டியில் ஏவி01 போய் ஏவிசி1 வந்தது.

நாலாவது, குவாலிட்டியை 480-க்குக் குறைச்சோம். "அய்யய்யோ, போர்டு தெரியாதுண்ணே!"ன்னு தங்கச்சி அலறினாள். 1080 வெச்சாத்தான் கிளியர்னு அவள் நினைப்பு. கணக்குப் படிக்கிற பொண்ணுகிட்ட கணக்கிலேயே பேசினேன். உன் ஸ்கிரீனில் மொத்தமே 10.49 லட்சம் புள்ளி. 1080 வீடியோவில் 20.73 லட்சம். பாதியைப் பிரிச்சுப் பார்த்துட்டு லேப்டாப் தூக்கித்தான் போடுது! 480-ல் இருக்கிறது 4.1 லட்சம்தான். 1080-ஓட ஒப்பிட்டா ஐந்தில் ஒரு பங்கு வேலை. போர்டில் எழுத்து ரொம்பப் பொடியா இருக்கிற இடத்தில் மட்டும் 720-க்கு ஏத்திக்கோ. அதுக்கு மேல உன் ஸ்கிரீனுக்குத் தேவையே இல்லை.

ப்ளே தட்டினோம். புரொபசர் கை நகர்ந்தது. முதல் வரிசை, ரெண்டாவது வரிசை, மூணாவது வரிசை... மேட்ரிக்ஸ் முழுசா எழுதி முடிச்சார். தங்கச்சி ஒண்ணும் பேசலை. நோட்டை இழுத்து வெச்சு எழுத ஆரம்பிச்சுட்டாள்.

2 ஜிபி-யில் எத்தனை மணி?

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தரும்னு அறிவிச்சது. உங்க அண்ணன், அக்காகிட்ட கேளுங்க. 'மத்தியானமே தீர்ந்துடும்'னு சொல்றவங்களும் இருப்பாங்க, 'ராத்திரி படமும் பார்த்தேன்'னு சொல்றவங்களும் இருப்பாங்க. வித்தியாசம் எங்கே?

வினாடிக்கு 2,500 கிலோபிட் வர்ற 1080 வீடியோன்னா ஒரு மணி நேரத்துக்கு 1,125 எம்பி. 2 ஜிபி ரெண்டு மணி நேரம்கூட வராது. வினாடிக்கு 700 கிலோபிட் வர்ற 480 வீடியோன்னா மணிக்கு 315 எம்பி. ஆறு மணி நேரத்துக்கு மேல வரும். 128 கிலோபிட்டில் வெறும் குரல் மட்டும்னா மணிக்கு 58 எம்பி. 34 மணி நேரம்! ஒரு நாளில் அவ்வளவு நேரமே கிடையாது.

ஒண்ணை ஒளிக்காம சொல்லிடறேன். அதே குவாலிட்டியில் விபி9, ஏவி1-ஐ விட எச்.264 கொஞ்சம் கூடுதல் டேட்டா தின்னும். ஆனா 1080-லிருந்து 480-க்கு இறங்கினா கிடைக்கிற லாபம் அந்த நஷ்டத்தை விட ரொம்பப் பெரிசு.

நெட்டே வராத ஊருக்கு?

டெல்டாக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வழக்கமா ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணி வர நாளாகும். அதுவும் முறை வெச்சுத்தான் வரும். வர்றப்போ பிடிச்சு குளத்தில் நிரப்பி வெச்சுக்கிறவன் பிழைச்சான். வீடியோவும் அதே கதைதான்.

என்பிடெல் தளத்திலேயே பல கோர்ஸ்களுக்கு டவுன்லோடு வசதி இருக்கு. எம்பி4 ஃபைலாவே எடுத்துக்கலாம். காலேஜ் லேபிலோ லைப்ரரியிலோ நெட் நல்லா இருக்கும்போது ஒரு வாரப் பாடத்தைப் பென் டிரைவில் ஏத்திக்கிட்டு வந்துடுங்க. வீட்டில் பிரவுசரே வேண்டாம். இன்னொரு புதையலும் அங்கேயே இருக்கு. நிறையப் பாடங்களுக்கு லெக்சர் முழுசும் எழுத்து வடிவில் கிடைக்கும். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இங்கிலீஷில் வேகமாப் பேசுறாரேன்னு கோர்ஸையே விட்டவங்க இதைத் தேடிப் பாருங்க.

எடுத்து வந்த ஃபைலை ஓட்ட விஎல்சி பிளேயர் போதும். இதுக்குப் பின்னால ஒரு காலேஜ் கதை இருக்கு. 1996-ல் பாரிஸ் ஈகோல் சென்ட்ரல் இன்ஜினியரிங் காலேஜில் மாணவர்கள் ஒரு பிராஜெக்ட் எடுத்தாங்க. அவங்க கேம்பஸ் நெட்வொர்க் ரொம்ப ஸ்லோ. புது நெட்வொர்க் வேணும்னா ஒரு காரணம் வேணுமே! சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியா அனுப்பிக் காட்டறோம்னு கிளம்பினாங்க. அந்த ஸ்டூடன்ட் பிராஜெக்ட்தான் 2001-ல் எல்லாரும் பயன்படுத்துற இலவச சாஃப்ட்வேரா வெளியே வந்தது. இன்னைக்கு உலகம் பூரா ஆரஞ்சு கூம்பு!

இன்னும் லேசா வேணுமா? எம்பிவி. 2000-ல் ஹங்கேரியில் பிறந்த எம்பிளேயரோட பேரன் இது. பட்டன், மெனு எல்லாம் ரொம்பக் கம்மி. ஸ்பேஸ் பார் தட்டினா நிற்கும். வலது சதுர அடைப்பைத் தட்டினா வேகம் கூடும், இடது அடைப்பில் குறையும். ஆங்கில 'ஐ' எழுத்தைத் தட்டினா எத்தனை ஃபிரேம் விழுந்தது என்கிற கணக்கு வரும். மவுஸ் இல்லாட்டி கை நடுங்குது என்கிறவங்களுக்கு, எம்பிவி-க்கு மேல சட்டை போட்ட மாதிரி எஸ்எம்பிளேயர் இருக்கு.

எம்பிவி-யோட ஒய்டி-டிஎல்பி என்ற கருவியைச் சேர்த்தா, பிரவுசரே இல்லாமல் யூடியூப் முகவரியைக் கொடுத்து வீடியோ பார்க்கலாம். வீடியோவை விட அதைச் சுத்தி இருக்கிற பக்கம், விளம்பரம், கமென்ட், பரிந்துரை எல்லாம்தான் ராமைத் தின்னுது. அதெல்லாம் இல்லாட்டி 2 ஜிபி லேப்டாப் பறக்கும். இந்தக் கருவிக்கு ஒரு போலீஸ் கேஸ் மாதிரியான வரலாறு உண்டு. இதோட அப்பா யூடியூப்-டிஎல், 2006-ல் பிறந்தது. 2020 அக்டோபரில் அமெரிக்க இசை கம்பெனிகளோட சங்கம் நோட்டீஸ் விட, கிட்ஹப் தளம் அதைத் தூக்கிடுச்சு. உலகம் பூரா சத்தம் கிளம்பவே, நவம்பரில் திரும்ப வெச்சாங்க. 2021-ல் அதிலிருந்து கிளை பிரிஞ்சதுதான் ஒய்டி-டிஎல்பி.

ரெண்டு விஷயம் மனசில் வையுங்க. ஒண்ணு, இது யூடியூபோட விதிமுறைக்கு வெளியே போற வழி. அனுமதியில்லாமல் டவுன்லோடு பண்ணக் கூடாதுன்னு அவங்க தெளிவாச் சொல்றாங்க. என்பிடெல் பாடங்கள் பகிரக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வர்றவை. அதை அவங்க தளத்திலிருந்தே எடுக்கும்போது நமக்கு இந்தத் திருட்டு முழி தேவையே இல்லை. நேர்வழி இருக்கிற இடத்தில் நேர்வழியே போங்க. ரெண்டு, யூடியூப் அடிக்கடி பூட்டை மாத்தும். லினக்ஸோட கூட வர்ற பழைய ஒய்டி-டிஎல்பி சீக்கிரமே செத்துடும், புதுசு போட்டுக்கிட்டே இருக்கணும். 2025 நவம்பருக்கு அப்புறம் அதுக்குத் துணையா டீனோ மாதிரி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் வேணும். டீனோ 32 பிட்டில் ஓடாது. அங்கே குவிக்ஜேஎஸ் போட்டுக்கலாம்.

கட்டளையை ஏன் இங்கே அச்சடிக்கலைன்னு கேட்காதீங்க. ஒரு புள்ளி பிசகினாலும் டெர்மினல் முறைக்கும், நீங்க என்னை முறைப்பீங்க! டெர்மினலிலேயே அந்தந்த சாஃப்ட்வேரோட மேனுவல் பக்கம் இருக்கு. தமிழில் படிக்கணும்னா 2012-லிருந்து வர்ற 'கணியம்' இதழைப் புரட்டுங்க. லினக்ஸ் பத்தித் தமிழில் எழுதறவங்க ஒரு கூட்டமே அங்கே இருக்காங்க.

என்ன முடியாது?

பழைய குதிரையைப் பந்தயத்தில் விடாதீங்க. கேமராவை ஆன் பண்ணிக்கிட்டு முப்பது பேர் முகம் தெரியுற லைவ் கிளாஸ் இதில் திணறும். கேமராவை ஆஃப் பண்ணி, டீச்சரோட ஸ்கிரீனை மட்டும் பெரிசாக்கினா ஓரளவு சமாளிக்கலாம். 4கே பேச்சே வேண்டாம். வீடியோ ஓடும்போது இன்னொரு பக்கம் பத்து டேப் திறந்து வைக்கிற பழக்கமும் ஆகாது. கொஞ்சம் காசு செலவு பண்ண முடியும்னா, முழு லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடி ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி போட்டுப் பாருங்க. ஆன் பண்ணிட்டு டீ போட்டுட்டு வர்ற காலம் முடிஞ்சுடும்.

அப்புறம் முக்கியமானது. பேட்டரி உப்பியிருந்தா, அடி மூடி வளைஞ்சிருந்தா, எந்த டிப்ஸும் வேண்டாம். முதல்ல அந்தப் பேட்டரியைக் கழட்டி மெக்கானிக் கையில் கொடுங்க. அதை வெச்சு விளையாடாதீங்க.

அன்னைக்கு ராத்திரி சித்தப்பா வயலிலிருந்து வந்தப்போ தங்கச்சி ஏழாவது வாரத்தில் மூணாவது லெக்சரில் இருந்தாள். ஒன்றே கால் மடங்கு வேகத்தில்! அவர் செருப்பைக் கழட்டிட்டு வாசலிலேயே நின்னு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"அப்ப அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?"

"பார்த்துக்கலாம்பா."

சித்தி எங்களுக்கு மட்டும் இன்னொரு தோசை போட்டாங்க.

ஏழாவது வார அசைன்மென்ட்டைக் கெடுவுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்னு மறுநாள் அப்பா ஃபோனிலிருந்து மெசேஜ் வந்தது. இனி ஐந்து வாரம். ஒண்ணு மட்டும்தான் விடலாம். பரீட்சை இன்னும் வரலை. பேனாவை கூத்தனூருக்கு எடுத்துட்டுப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்கிறாள். போகட்டும், தப்பில்லை. தூசி மட்டும் துடைச்சுட்டுப் போகச் சொன்னேன்.

உங்க வீட்டுப் பரணில், அலமாரிக்கு மேல, அண்ணனோ அக்காவோ விட்டுட்டுப் போன லேப்டாப் ஒண்ணு கிடக்கா? இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்க. உங்களுக்கு வேண்டாட்டி, கிளாஸில் ஃபோன் இல்லாம கஷ்டப்படுற யாராவது ஒருத்தருக்கு செட் பண்ணிக் கொடுங்க.

அடுத்த வாரம்: பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சா? ஃபார்மட் பண்ணிடாதீங்க, வந்துடறேன்!